பழுதில்லை என்று எழுதிய டால்பின்

ஜூன் 3

அன்புள்ள சுத்தியல் அக்காவுக்கு,

போனில் பேசினால் நாலாவது நிமிடத்தில் சண்டை வந்துவிடுகிறது என்று நாம் கடிதத்துக்கு மாறி ஆறு வருஷம் ஆகிறது. இதிலும் சண்டை வராமல் இல்லை. ஆனால் உன் திட்டு தபாலில் வந்து சேர்வதற்குள் நான் செய்த தப்பு எனக்கே மறந்துபோகிறது. அந்த வகையில் எனக்கு லாபம்தான்.

ஒரு நல்ல செய்தி. என் புத்தகத்தைப் போட ஒரு பதிப்பாளர் ஒத்துக்கொண்டுவிட்டார். பக்கத்தில் கடலே இல்லாத நம் ஊரில், கட்டடங்களிலும் தெருக்களிலும் ஒட்டிக்கொண்டிருக்கிற கடல் சாமான்கள் அத்தனையும், தெரு வாரியாக, படத்தோடு. மொத்தம் இருநூற்றுப் பதினொன்று. வங்கிக் கதவுக் கம்பியில் நங்கூரம், தபால் நிலைய ஜன்னலைச் சுற்றிக் கல்லில் முறுக்கிய கயிறு, குழாயடியில் சிப்பி, சாக்கடை மூடியில் பாய்மரக் கப்பல், ஓட்டல் மாடியில் மூக்கில்லாத கடற்கன்னி. ஒரு காலத்தில் கப்பல் காப்பீட்டுக் கம்பெனிக்காரர்கள் பெருமைக்குக் கட்டி வைத்தது. அவர்களில் எத்தனை பேர் கடலைப் பார்த்தார்களோ தெரியாது. சினிமா கொட்டகை ஜன்னல்களை நீ சொன்னபடி நீக்கிவிட்டேன். வட்டமாக இருப்பதெல்லாம் கப்பல் ஜன்னல் ஆகிவிடாது என்று நீ எழுதியது நியாயம்தான். அதை ஒத்துக்கொள்ள எனக்கு ஒரு மாதம் ஆயிற்று, அவ்வளவுதான்.

அட்டைப் படம் என்ன தெரியுமா? பழைய காப்பீட்டுக் கட்டடத்தின் மூலையில், மூன்றாவது மாடி உயரத்தில், வாலோடு வால் பின்னிக் கொண்டிருக்கிற இரண்டு டால்பின்கள். இந்த வேலை மாற்றலில் இங்கே ஓவிய வாத்தியாராக வருவதற்கு முந்திய வாரம் உன்னை இழுத்துக்கொண்டு போய்க் காட்டினேனே, நீ சரியாகப் பார்க்காமலே தலையாட்டினாயே, அதுதான். என் பட்டியலில் முதல் எண்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊர்க் கட்டட முகப்புகளையெல்லாம் தட்டிப் பார்த்து, ஆட்டம் கண்டதை இறக்கப்போகிறார்கள் என்று படித்தேன். தட்டப்போவது யார் என்று எனக்குச் சொல்ல வேண்டாம். உன் சுத்தியல் அந்த இரண்டின்மேல் மட்டும் கொஞ்சம் மெதுவாக விழட்டும் அக்கா. புத்தகம் வந்த பிறகு ஊரே அண்ணாந்து பார்க்கும்போது அங்கே மொட்டைச் சுவர் இருந்தால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வேன்?

உன் தம்பி


ஜூன் 19

அண்ணாந்து பார்த்தே நடந்து இன்னும் கால் ஒடியாத தம்பிக்கு,

புத்தகம் வருவதில் சந்தோஷம். நன்றிப் பக்கத்தில் என் பெயரைப் போடாதே. நகராட்சிக் கட்டடப் பரிசோதகருக்கு இதுதான் வேலையா என்று மேலே இருப்பவர்கள் கேட்பார்கள்.

நேற்று உன் டால்பின்களிடம் போனேன். தெருவிளக்கு மாற்றுகிறவர்கள் ஏறுவார்களே, கூடை வைத்த வண்டி, அதில்தான் ஏறுகிறேன். வண்டிக்காரரை நாங்கள் எல்லோரும் நிதானம் என்றுதான் கூப்பிடுவோம். அவர் ஓட்டினால் சைக்கிள் முந்திப் போகும். ஒன்பது வருஷமாக என்னைத் தூக்கி இறக்குகிறவர், ஒரு தடவைகூடக் கூடையை ஆட்டியதில்லை. அவருக்கு மேலே பார்த்தால் தலை சுற்றும். அதனால் குதிரை தரையைப் பார்ப்பதுபோலத் தரையைப் பார்த்துக்கொண்டே கைப்பிடியை இயக்குவார்.

நல்ல காரையைத் தட்டினால் ணங்கென்று சொல்லும். உள்ளே பிரிந்துபோனது பொத்தென்று சொல்லும். இதுதான் என் முழுப் படிப்பும். உன் டால்பின்களின் தலை, முதுகு எல்லாம் ணங். வாலுக்கு வந்தேன். பொத். மறுபடி தட்டினேன், பொத். மூன்றாவது தட்டுக்குப் பிறகு நான் தட்டவில்லை. ஒரு சாண் இடம் விடாமல் தட்ட வேண்டும் என்பது விதி, அதற்கு இருபது நிமிடம் பிடிக்கும். நான் மூன்று நிமிடத்தில் இறங்கிவிட்டேன்.

தாளில் மூன்று கட்டங்கள்: பழுதில்லை, கவனிக்க, இறக்க. மூன்றாவதில் போட்டிருக்க வேண்டும். முதலாவதில் போட்டேன். கூடை எட்டியது, எல்லா இடமும் தட்டப்பட்டது என்று நிதானமும் கையெழுத்துப் போட வேண்டும், போட்டார். நான் நீட்டினால் அவர் படிக்கமாட்டார்.

உனக்காகத்தான் பழுதில்லை என்று எழுதினேன். நூறு வருஷம் நின்றது, உன் புத்தகம் வரும்வரை நிற்காதா என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வருஷச் சுற்றில் இறக்கிவிடுவேன், அப்போது வந்து அழாதே. இந்த மாதிரி இன்னொரு தடவை என்னிடம் கேட்காதே.

அக்கா

பி.கு. பல் மருத்துவமனைப் படிக்கட்டின் கைப்பிடி முனையில் ஒரு ஆக்டோபஸ் இருக்கிறது. உன் பட்டியலில் இல்லை. இருநூற்றுப் பன்னிரண்டு.


ஜூலை 1

அக்கா, அக்கா, அக்கா,

ஆக்டோபஸுக்கு ஒரு நன்றி, டால்பின்களுக்கு ஆயிரம். உன் கடிதத்தை மிட்டாய் டப்பாவில் பத்திரப்படுத்திவிட்டேன். பெரிய ஆளானதும் காட்சிக்கு வைப்பேன். நீ விதி மீறி நான் பார்த்ததே இல்லை. சின்ன வயதில் என் மதிப்பெண் அட்டையில் அப்பா கையெழுத்தைப் போடச் சொன்னபோதுகூட மாட்டேன் என்றவள்.

தம்பி


செப்டம்பர் 11

தம்பிக்கு,

வால் விழுந்துவிட்டது.

நாலு நாள் விடாத மழை. திங்கட்கிழமை காலை ஒன்பதேகாலுக்கு, மழை விட்டு வெயில் வந்த பிறகு விழுந்திருக்கிறது. கட்டடத்துக்குக் கீழே பஸ் நிறுத்தம் இருப்பது உனக்குத் தெரியும். உன் படத்தில் அதன் கூரை ஓரமாக விழுந்திருக்கும். ஒரு பெண் நின்றிருக்கிறாள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை, முப்பத்துநாலு வயது. கணவர் தையல் மெஷின் பழுது பார்ப்பவர். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டாள்.

தூளையெல்லாம் பெருக்கி அள்ளுவதற்குள் போய்ப் பார்த்தேன். உள்ளே இருந்த கம்பி துருவேறி விரல் பட்டால் உதிர்கிறது. அதைத்தான் அது எனக்கு ஜூன் மாதமே சொன்னது.

அதைவிட மோசம் இனிமேல்தான். கீழே கண்ணாடிக் கடையின் கேமராவில் ஜூன் மாதம் எங்கள் வண்டி நின்ற பதிவு அழியாமல் இருந்திருக்கிறது. நிதானம் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார், மூன்று நிமிடத்தில் கூடை இறங்கிவிடுகிறது. வண்டிக்காரன் கூடையைச் சரியாக உயர்த்தவில்லை, பரிசோதகருக்குக் கை எட்டவில்லை, அவசரத்தில் காகிதத்தை முடித்துவிட்டான் என்று அலுவலகம் தீர்மானித்துவிட்டது. அவரைத் தற்காலிகமாக நீக்கிவிட்டார்கள். ஓய்வு பெற அவருக்கு நாலு மாதம்தான் பாக்கி.

நான் பெரிய அதிகாரியிடம் போய், கை எட்டியது, தட்டினேன், சத்தம் கேட்டும் பழுதில்லை என்று எழுதினேன் என்று சொன்னேன். அவர் என்னை ஏதோ பாவப்பட்ட ஜென்மம் மாதிரி பார்த்தார். "உங்க நல்ல மனசு தெரியும்மா. ஒன்பது வருஷம் கூட வேலை செஞ்சவரு, விட்டுக்கொடுக்க மனசு வராது. அதுக்காக உங்க தலையில நீங்களே மண்ண வாரிப் போட்டுக்காதீங்க" என்றார். பரிசோதகரே தெரிந்து எழுதினார் என்றால் அது மொத்த அலுவலகத்தின் தலையில் விடியும். வண்டிக்காரர் சோம்பேறி என்றால் அவரோடு முடிந்துவிடும். அவ்வளவு சுலபமான கணக்கு அவருக்கு.

என் வாய் வார்த்தையை யாரும் நம்பவில்லை. ஆனால் எழுத்தில் இருக்கிறது. ஜூன் 19ஆம் தேதி உனக்கு நான் எழுதியது, தபால் முத்திரையோடு. அதை உடனே அனுப்பு. விசாரணை அக்டோபர் 14.

அக்கா


செப்டம்பர் 20

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. அந்தப் பெண்ணை நினைத்தால் என்ன எழுதுவதென்றே தெரியவில்லை. பஸ்ஸுக்கு நிற்பதைத் தவிர வேறு எதுவும் செய்யாதவள்.

அந்தக் கடிதத்தைத் தேடிப் பார்த்தேன். போன மாதம் வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள் இல்லையா, சாமான்களெல்லாம் இடம் மாறிக் கிடக்கிறது. எங்கோ இருக்கும், இல்லை பழைய காகிதத்தோடு போயிருக்கும். கிடைத்தால் சொல்கிறேன்.

நிதானமாக யோசி அக்கா. நீ உள்ளே போவதால் அவள் திரும்பி வரப்போவதில்லை. அந்த வண்டிக்காரருக்கும் வேலை கிட்டத்தட்ட முடிந்துவிட்டது, உனக்கு இன்னும் பதினாலு வருஷம் இருக்கிறது. நல்ல வக்கீலாகப் பார்த்து அவருக்கு வைத்துக் கொடுக்கலாம். நானும் பங்கு போடுகிறேன். மழை நாலு நாள் பெய்தது யாருடைய தப்பு?

இன்னொன்று. என் கடிதம் உன்னிடம் இருக்கிறதா? அதில் நான் விளையாட்டாக எழுதியதை யாராவது வேறு மாதிரி படித்தால் நன்றாக இருக்காது. பொய் எழுது என்று நான் கேட்கவில்லை என்பது உனக்கே தெரியும். மெதுவாகத் தட்டு என்றுதான் கேட்டேன். புத்தகம் அச்சில் இருக்கிறது. பத்து வருஷ உழைப்பு. இந்த நேரத்தில் என் பெயர் இதில் அடிபட்டால் பள்ளிக்கூடத்திலும் வைத்துக்கொள்ளமாட்டார்கள்.

உன் தம்பி


செப்டம்பர் 28

தம்பிக்கு,

மழுப்பாதே. மிட்டாய் டப்பாவில் வைத்திருப்பதாக நீதான் எழுதினாய். வெள்ளையடிக்கிறவர்கள் மிட்டாய் டப்பாவுக்கும் அடித்தார்களா?

உன் கடிதத்தை நேற்று எடுத்துப் படித்தேன். நீ சொல்வது சரிதான். பொய் எழுது என்று எங்கும் இல்லை. அப்படி எழுதத் தேவையில்லாதபடி என்னை உனக்குத் தெரியும். கேட்டது நீ, செய்தது நான். செய்ததற்கு நான் பொறுப்பு. உன்மேல் பழியைத் தள்ள எனக்கு ஆசை இல்லை. அதனால் உன் ஜூன் 3 கடிதத்தை இந்த உறையிலேயே வைத்திருக்கிறேன். எரித்துக்கொள், விழுங்கிக்கொள், உன் இஷ்டம். இனி உன்னை மாட்டிவிட என்னிடம் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. என்னுடையதை மட்டும் அனுப்பு.

ஞாயிற்றுக்கிழமை நிதானத்தின் வீட்டுக்குப் போயிருந்தேன். இளைத்துவிட்டார். கூடத்தில் உட்கார்ந்து ஒரு குச்சியையும் நூலையும் வைத்துக்கொண்டு, வண்டியின் கை எத்தனை அடி நீளும், அன்றைக்கு எந்த இடத்தில் நிறுத்தினோம் என்று அளந்து பார்த்துக் கொண்டிருந்தார். "அம்மா, நான் வண்டிய ரெண்டடி தள்ளித்தான் நிறுத்தியிருக்கணும். மேல பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். எனக்குத்தான் தலை சுத்துமே. அந்தப் பொண்ணு என்னாலதான் போயிருச்சு" என்கிறார். இல்லை என்று நான் தலையில் அடித்துக்கொண்டு சொன்னேன். அவர் மனைவி எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, "நீங்களாவது ஆறுதலா பேசறீங்களே" என்றார். நான் சொன்ன உண்மை அந்த வீட்டில் ஆறுதலாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

அந்த மனிதர் செய்யாத கொலையைச் சுமந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார். அதை இறக்கி வைக்க உன் டப்பாவில் இருக்கிற இரண்டு தாள் போதும். இதற்கு மேல் உன்னிடம் எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அக்கா


அக்டோபர் 17

அக்கா,

இத்துடன் உன் கடிதம். விசாரணை மூன்று நாள் முன்பே முடிந்திருக்கும் என்று தெரிந்துதான் அனுப்புகிறேன்.

அது டப்பாவை விட்டு எங்கும் போகவில்லை. தினமும் பார்த்தேன். ஐந்தாம் தேதி உறையில் போட்டு, தபால் தலை ஒட்டி, பள்ளிக்கூடப் பையில் வைத்துக்கொண்டு போய், அப்படியே திரும்பக் கொண்டுவந்தேன். மறுநாளும் அதேதான். பதினாலாம் தேதி தாண்டியதும் என் மனசுக்குள் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியைப் பார்த்த பிறகுதான் இதைத் தபாலில் போடுகிறேன்.

புத்தகம் பத்தாம் தேதி வந்துவிட்டது. விபத்தைப் பற்றிப் பதிப்பாளர் கேள்விப்பட்டிருக்கிறார். 'உயிரைப் பறித்த டால்பின்' என்று அட்டையில் ஒரு பட்டை ஒட்டினால் விற்கும், ஒட்டலாமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு முழு நாள் ஆயிற்று. இதை உன்னிடம் சொல்லாமல் இருக்கலாம். ஆனால் உன்னிடமாவது சொல்ல வேண்டும்.

நீ திருப்பி அனுப்பிய என் கடிதத்தை எரிக்கவில்லை. அதையும் உன்னுடையதோடு வைத்திருக்கிறேன். இரண்டையும் எங்கே கொடுக்க வேண்டுமோ கொடு. கொடுக்காதே என்று இனிக் கேட்கமாட்டேன். கொடு என்று சொல்லவும் எனக்குத் தைரியம் போதவில்லை.

தம்பி


நவம்பர் 6

தம்பிக்கு,

உன் உறை இருபத்திரண்டாம் தேதி வந்தது.

பதினாலாம் தேதி நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் எழுந்து சொன்னேன், உட்காரச் சொன்னார்கள். பிறகு நிதானத்தைக் கூப்பிட்டார்கள். குச்சி அளவையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்திருந்தார். "கூடை ரெண்டடி கீழதாங்க நின்னுச்சு. அம்மாவுக்கு எட்டியிருக்காது. என்மேலதான் தப்பு" என்று அவரே சொல்லிவிட்டார். பத்து நிமிடத்தில் முடித்து அவரை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள். ஜூன் மாதம் அந்த வால் என் முகத்துக்கு அவ்வளவு பக்கத்தில் இருந்தது. பழைய கொத்தனார் பூசிய கரண்டியின் தடம்கூடத் தெரிந்தது.

கடிதங்கள் வந்ததும் அதிகாரியிடம் எடுத்துக்கொண்டு போனேன். என்னுடையதை ஓரத்தில் பிடித்துப் படித்தார். "தப்பு பண்ணினவரே ஒத்துக்கிட்டாரு, கோப்பு மூடியாச்சு. இத எடுத்துட்டு வீட்டுக்குப் போங்க" என்றார். உன்னுடையதைத் தொடவே இல்லை.

பிறகு நிதானத்திடம் போனேன். அவருக்கு நிம்மதியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போன என் முட்டாள்தனத்தை என்ன சொல்ல. இரண்டு தடவை படித்தார். "அப்ப கூடை எட்டுச்சா?" என்று கேட்டார். எட்டியது என்றேன். ஒன்பது வருஷத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. "ஆறு வாரமா எம் பேத்திய நான் தூக்கலம்மா. ஒரு பொண்ண கொன்ன கையின்னு தூக்கல. வெளிய போங்க" என்றார். போய்விட்டேன். அதற்குப் பிறகு அவரைப் பார்க்கவில்லை, அவர் என்னைப் பார்க்கவும் மாட்டார்.

கடைசியாக அந்தப் பெண்ணின் கணவரைத் தேடிக்கொண்டு போனேன். மெஷின்களுக்கு நடுவே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நான் யார் என்று சொல்லிவிட்டு என் கடிதத்தைக் கொடுத்தேன். எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். படித்து முடித்துவிட்டு அவர் கத்தவில்லை. இதை நான் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அதற்குத்தான் கொண்டுவந்தேன் என்றேன். அதை அவர் கோர்ட்டில் கொடுத்தார். நேற்றிலிருந்து எனக்கு வேலை இல்லை. நிதானத்தின் கோப்பை மறுபடி திறந்துவிட்டார்கள். என்மேல் வழக்குப் போடுவார்கள், இரண்டு வருஷம் உள்ளே இருக்க வேண்டி வரலாம் என்கிறார் வக்கீல். இதை உன் அனுதாபத்துக்காக எழுதவில்லை. உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அன்றைக்குக் கிளம்பும்போது அவர் ஒன்று கேட்டார். "உனக்காகன்னு எழுதியிருக்கீங்களே, அது யாரும்மா?"

உன் கடிதம் பையில்தான் இருந்தது. அதை வெளியே எடுக்காமல் திரும்பிவிட வேண்டும் என்றுதான் தம்பி நான் போனேன். ஆனால் அந்த மனிதர் கேட்டுக்கொண்டு நிற்கும்போது என்னால் முடியவில்லை. என் தம்பி என்று சொல்லி எடுத்துக் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். பிறகு சொன்னார்: "பதினோரு வருஷமா அந்த நிறுத்தத்துலதான் அவள பஸ் ஏத்தி விடுவேன். ஒரு நாளும் நாங்க மேல பாத்ததில்ல. அங்க அப்படி என்னதான் இருந்துச்சு?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எத்தனை கிலோ, உள்ளே என்ன கம்பி, காரை எந்த இடத்தில் பிரிந்தது, எல்லாம் சொல்வேன். நான் அதைத் தட்டிக் கேட்டவள், பார்த்தவள் இல்லை. அதைக் கண்ணார நின்று பார்த்தவன் எனக்குத் தெரிந்து நீ ஒருவன்தான். அதனால் உன் முகவரியைக் கொடுத்திருக்கிறேன்.

அவர் உனக்கு எழுதுவார். பதில் எழுது. என்னைக் காப்பாற்றவோ உன்னைக் காப்பாற்றவோ எழுதாதே. அவள் தலைக்கு மேலே என்ன இருந்தது என்று அவருக்குத் தெரிய வேண்டுமாம். அழகாக இருந்தது என்றால், அழகாக இருந்தது என்றே எழுது.

அக்கா